அந்த ஐந்து ஸ்டாரில் ஒன்று நான் போட்டது

மதுரையில் முடி நடும் சிகிச்சைக்குப் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், அதுவும் கூகுளில் ரிவ்யூ பார்த்து இடத்தை முடிவு செய்யலாம் என்று நினைப்பவர்கள், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். கிளினிக்கின் பெயரை இங்கே எழுதவில்லை, விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது. நான் ஏமாந்த விதம் எந்த ஊரிலும், மூக்கைத் திருத்துகிற இடத்திலும் வயிற்றுக் கொழுப்பை எடுக்கிற இடத்திலும்கூட நடக்கக்கூடியதுதான்.

எனக்கு ஊர் சோழவந்தான். மொபைல் கவர், சார்ஜர், டெம்பர்டு கிளாஸ் எல்லாம் மதுரையில் எடுத்து திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி கடைகளுக்குப் போடுகிற வேலை. இருபத்தாறு வயதிலேயே முன்பக்கம் முடி ஏற ஆரம்பித்துவிட்டது, முப்பதில் நெற்றி எது மண்டை எது என்று தெரியாத நிலை. பெண் வீட்டில் போட்டோ கேட்டால் அம்மா நாலு வருஷத்துக்கு முந்தைய போட்டோவைத்தான் அனுப்புவார். நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் அப்புறம் போன் எடுக்க மாட்டார்கள். அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று நான் வீட்டில் சொன்னதில்லை.

அதனால்தான் ஹேர் டிரான்ஸ்பிளான்ட் என்று முடிவெடுத்ததும் அவசரப்படாமல் விசாரிக்க வேண்டும் என்று நினைத்தேன். விசாரிப்பது என்றால் எனக்குத் தெரிந்தது கூகுள்தான். இந்தக் கிளினிக்குக்கு 4.9 ஸ்டார், அறுநூறுக்கும் மேல் ரிவ்யூ. மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். "வலியே தெரியல", "ஸ்டாஃப் எல்லாரும் குடும்பத்துல ஒருத்தர் மாதிரி பார்த்துக்கிட்டாங்க", "டாக்டர் ரொம்பப் பொறுமையாப் பேசினார்", "மதியம் பிரியாணி வாங்கிக் கொடுத்தாங்க". அறுநூறு பேர் பொய் சொல்வார்களா என்று நினைத்தேன். இப்போது சொல்கிறேன், அதில் பாதிக்கு மேல் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உண்மையையே எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த உண்மை நமக்கு எதற்கும் உதவாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

2023 மே கடைசியில் போனேன். முதலில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் அரை மணி நேரம் பேசினார். அவரை டாக்டர் என்று நினைத்துத்தான் மேடம் மேடம் என்று எல்லாவற்றையும் சொன்னேன், கவுன்சிலராம். 2,800 கிராஃப்ட், அதாவது பின்மண்டையிலிருந்து வேரோடு எடுத்து முன்னால் நடுகிற சின்ன முடிக்கொத்து, வைக்க வேண்டும், ஒன்றுக்கு 35 ரூபாய், மொத்தம் 98,000. "பில் போட்டா 18 பர்சன்ட் ஜி.எஸ்.டி வரும்ணே, எதுக்கு உங்களுக்கு அந்தச் செலவு" என்றார்கள். அழகுக்காகச் செய்கிற சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி உண்டு என்பது உண்மைதான், அதனால் எனக்கு நல்லது செய்கிறார்கள் என்றே பட்டது. அட்வான்ஸ் பத்தாயிரம் ஜிபேயில், மீதி 88,000 கையில். இன்றைக்கு நான் பணம் கொடுத்ததற்கு என்னிடம் இருக்கும் சாட்சி அந்தப் பத்தாயிரம் மட்டும்தான். தயவுசெய்து பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சிகிச்சை அன்று டாக்டர் வந்தது பத்து நிமிஷம். நெற்றியில் மார்க்கரால் கோடு போட்டார், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார். மரத்துப்போக ஊசி போட்டு என்னைக் குப்புறப் படுக்க வைத்து, பின்மண்டையிலிருந்து முடியை எடுக்க ஆரம்பித்தவர்கள் இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுப் பையன்கள் இரண்டு பேர். டாக்டர் எங்கே என்று கேட்டேன். "மேல இன்னொரு கேஸ்ல இருக்கார்ணே, எப்பவும் நாங்கதான் பண்றது, பயப்படாதீங்க." தலை மரத்து, முகம் கீழே பார்த்துப் படுத்திருக்கும்போது ஒரு மனுஷன் என்ன வாதாட முடியும்? கோபித்துக்கொண்டு எழுந்து வர முடியுமா? காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து சாயங்காலம் ஆறரை ஆனது. நடுவில் பிரியாணி வந்தது உண்மை.

கட்டுப் போட்டு வெளியே வந்ததும் ரிசப்ஷனில், "அண்ணே, ஒரு அஞ்சு ஸ்டார் போட்டுட்டுப் போயிருங்க. டாக்டர் பேர், தம்பிங்க பேர் ரெண்டும் வர்ற மாதிரி எழுதினா மூணு பி.ஆர்.பி ஃப்ரீ" என்றார்கள். பி.ஆர்.பி என்பது முடி வளர நம் ரத்தத்தையே எடுத்துப் பிரித்துத் தலையில் போடுகிற ஊசி, ஒன்று அவர்கள் கணக்கில் 4,000 ரூபாய். எழுத வராதவர்களுக்கு என்று வாட்ஸ்அப்பில் மாதிரி வாசகம்கூட வைத்திருந்தார்கள். நான் அதைப் பார்க்காமல் என் சொந்த வார்த்தையில், நின்ற இடத்திலேயே, நாலு வரி எழுதினேன். வலி தெரியவில்லை, நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், எல்லாரும் நம்பி வரலாம். என் பெயர், என் போட்டோவோடு. பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

முடி நட்ட இடத்தில் என்ன நடக்கும் என்று பலருக்குத் தெரியாது. நட்ட முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும், அது இயல்பு, வேர் உள்ளே இருக்கும். மூன்று நாலு மாசம் கழித்துத்தான் புதுசாக முளைக்கும். முழுசாக என்ன வந்திருக்கிறது என்று தெரிய ஒரு வருஷம் ஆகும். அதாவது முதல் நாள் ரிவ்யூ எழுதுகிறவனுக்கு, என்னையும் சேர்த்து, தனக்கு என்ன நடந்திருக்கிறது என்பதே தெரியாது.

ஐந்தாவது மாசம் அங்கங்கே பூனை முடி மாதிரி நாலு முளைத்திருந்தபோது, பயத்தில் மறுபடியும் அந்த ரிவ்யூக்களையெல்லாம் எடுத்து அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அப்பா வைகைப் பாசனத்தில் நெல் போடுகிறவர். கேட்டுவிட்டு, "நடவு முடிஞ்ச அன்னைக்கு வரப்புல நின்னு பார்த்தா எல்லா வயலும் பச்சையாத்தான்யா இருக்கும், வெள்ளாமை எப்படின்னு அறுத்தவன்கிட்டல்ல கேக்கணும்" என்றார். அன்று ராத்திரி புதுசிலிருந்து பழசு வரை நூறு ரிவ்யூவை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். சிகிச்சை முடிந்து ஆறு மாசமாவது ஆனபிறகு எழுதியது என்று தெரிந்தது ஏழே ஏழு. அதில் ஐந்து பேர் ஒரு ஸ்டார். இது முதல் மூன்று ராத்திரியிலும் என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது.

இன்னும் சிலதும் அன்றுதான் தெரிந்தது. பல பேருடைய கணக்கில் அந்த ஒரே ஒரு ரிவ்யூதான் இருந்தது. சில பேர் ஒரே வாரத்தில் குர்கான் கல்யாண மண்டபம், புனேயில் கரையான் மருந்து அடிக்கிற கம்பெனி, மதுரையில் நம்ம கிளினிக் என்று மூன்றுக்கும் ஐந்து ஸ்டார் போட்டிருந்தார்கள். மாசத்துக்கு நாலைந்து வந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு வாரத்தில் மட்டும் முப்பது. குறை சொன்னவர்களுக்குக் கிளினிக் எழுதிய பதில் எல்லாம் ஒரே மாதிரி: "இந்தப் பெயரில் எங்களிடம் யாரும் சிகிச்சை எடுக்கவில்லை, தொடர்புகொள்ளவும்." நல்ல பதிவுகளுக்குக் கீழே இந்தச் சந்தேகம் அவர்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை. போட்டோக்களையும் பாருங்கள், சிகிச்சைக்கு முந்தைய படம் ஈரத் தலையில் உச்சி வெளிச்சத்தில் இருக்கும், பிந்தைய படம் முடியை நீளமாக வளர்த்து முன்னால் சீவிவிட்டு மங்கலான வெளிச்சத்தில் இருக்கும்.

அப்படியும் ஒரு வருஷம் ஆகட்டும் என்று பொறுத்தேன். 2024 ஏப்ரல் 23, அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, அக்கா மகனைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றேன். தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் அடித்ததில் தலை முழுக்க நனைந்துவிட்டது. அவனுக்கு ஆறு வயது, தோளில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு என் தலைதானே எதிரில். "மாமா, பின்னாடி ஏன் கரையான் தின்ன மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு?" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் முடி வரவில்லை என்பதுதான் அதுவரை என் கவலை, பின்னால் இருந்ததும் போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு அழுதேன்.

அடுத்த மாசம் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் போனேன். இந்தத் தடவை ரிவ்யூ பார்க்கவில்லை, அவருடைய படிப்பையும் பதிவு எண்ணையும் பார்த்துவிட்டுப் போனேன். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்து நிதானமாகச் சொன்னார். பின்மண்டை முடி என்பது பேங்க்கில் இருக்கும் கையிருப்பு மாதிரி, எடுத்த வேர் அந்த இடத்தில் மறுபடி வளராது. பரவலாக, இடைவெளி விட்டு எடுக்க வேண்டியதை ஒரே இடத்தில் நெருக்கி எடுத்திருக்கிறார்கள். எடுத்த வேரை ஈரத்தில், குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும், காய்ந்தால் செத்துவிடும், உங்களுக்கு வந்திருப்பதைப் பார்த்தால் நிறைய வீணாகியிருக்கும். முன்பக்க முடி முன்னால் சாய்ந்து வளர வேண்டும், உங்களுக்கு நேராக நட்டுவைத்த குச்சி மாதிரி நிற்கிறது. சரி செய்யலாமா என்று கேட்டேன். கொஞ்சம் செய்யலாம், ஆனால் கையிருப்பு குறைவு, அவசரப்படாதீர்கள் என்றார். ஆலோசனைக் கட்டணம் 600 ரூபாய். ஒரு வருஷத்துக்கு முன்னால் இந்த 600 ரூபாயைச் செலவழித்திருக்கலாம். நம்ம அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே பிளாஸ்டிக் சர்ஜரித் துறை இருக்கிறது, அங்கே போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதுகூட ஆகியிருக்காது.

அப்புறம்தான் தெரிந்துகொண்டேன், 2022 செப்டம்பரிலேயே தேசிய மருத்துவ ஆணையம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: முடி நடுவதை முறையான அறுவைப் பயிற்சி உள்ளவர்கள், அதாவது பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவர்கள், அல்லது அதற்கான பயிற்சி பெற்ற தோல் மருத்துவ நிபுணர்கள்தான் செய்ய வேண்டும், ஒர்க்‌ஷாப்பிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது போதாது என்று. எனக்குக் கோடு போட்டவரின் பெயரைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் தேடினேன். எம்.பி.பி.எஸ் மட்டும் இருந்தது. போர்டில் அதற்குப் பின்னால் இருந்த நாலு எழுத்துகள் ஏதோ குறுகிய கால கோர்ஸ். தேட எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று ராத்திரி ரிவ்யூ படித்தவன் இந்த ஐந்து நிமிஷத்தைச் செலவழிக்கவில்லை. சின்ன விஷயம்தானே என்று யாரும் நினைக்காதீர்கள், 2016ல் சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர் முடி நட்ட கையோடு உடம்பு மோசமாகி இறந்தே போனார்.

கேஸ் ஷீட் கேட்டேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் வருஷத்து விதி. எழுத்தில் கேட்டு, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியபிறகுதான் ஒற்றைத் தாள் வந்தது, அதில் யார் செய்தார்கள், எத்தனை கிராஃப்ட் எடுத்தார்கள் என்பதே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915ல் பேசினேன். ஐந்து லட்சம் வரையிலான தொகைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். இதே மாதிரி மாட்டிக்கொண்டு வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பவர்கள் அந்தத் தேதியைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். வெட்கம்தான் இவர்களுக்குப் பெரிய பலம். மொட்டை அடித்துக்கொண்டு பழனிக்கு வேண்டுதல் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறவன் ஒரு ஸ்டார் எழுத மாட்டான்.

நான் எழுதினேன். என் பழைய ஐந்து ஸ்டாரையே ஒன்றாக மாற்றி, தேதி போட்ட படங்களோடு. மறுநாளே போன். ரிவ்யூவை எடுத்துவிட்டால் நாற்பதாயிரம் திருப்பித் தருகிறோம், ஒரு பேப்பரில் கையெழுத்து மட்டும் போட வேண்டும். இப்படி எத்தனை ஒரு ஸ்டார் காணாமல் போயிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. இலவசமாக எதையாவது கொடுத்து ரிவ்யூ வாங்குவதைக் கூகுளே தடை செய்திருக்கிறது, காசு கொடுத்து வாங்கிய ரிவ்யூவை வெளியிடக் கூடாது என்று 2022ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு தரமும் கொண்டுவந்தது, ஆனால் அப்போது அதைக் கட்டாயமாக்கவில்லை.

நாற்பதாயிரம் எனக்குப் பெரிய பணம். அம்மா வாங்கிக்கொள் என்றுதான் சொன்னார். வாங்கியும் இருப்பேன். ஆனால் அந்த வாரம் திருமங்கலத்தில் நான் சரக்குப் போடுகிற கடையில் வேலை பார்க்கும் பையன், இருபத்துநாலு வயது, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, உங்க ரிவ்யூ பார்த்துத்தான்ணே அங்க பணம் கட்டியிருக்கேன், தெரிஞ்ச அண்ணனே சொல்லியிருக்காரேன்னு" என்றான். பழைய ரிவ்யூவை, போன மாசமே பார்த்திருக்கிறான். நான் தொப்பியைக் கழற்றி அவனுக்குப் பின்பக்கத்தைக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, தொட்டுப் பார்த்தான்.

அன்றைக்கே அவனைக் கூட்டிக்கொண்டு போய் அட்வான்ஸைக் கேட்டேன். தர முடியாது, ரூல்ஸ் என்றார்கள். பத்தாயிரம், அவனுக்கு ஒரு மாசச் சம்பளத்துக்குப் பக்கத்தில். போனால் போகட்டும், அங்கே மட்டும் தலையைக் கொடுக்க விடாதீர்கள் என்று அவன் அப்பாவிடம் நானே போனில் பேசினேன். அந்தப் பத்தாயிரத்தையும் என் புகாரோடு சேர்த்துக் கேட்க முடியுமா என்று வக்கீலிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.