பதனி, சர்பத், கோலி சோடா: நெல்லை ரோட்டோரத்தில் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற ரோட்டில் செய்துங்கநல்லூர் தாண்டிவிட்டால், பங்குனி, சித்திரை மாதங்களில் பதனி (பதநீர்) குடத்துக்குப் பஞ்சமே கிடையாது. நாங்குநேரி, வள்ளியூர், திசையன்விளைப் பக்கமும் அப்படித்தான். சரக்கில் பெரும்பாலும் குறை சொல்ல முடியாது. குடத்திலிருந்து நம் கைக்கு வருகிற அந்த அரை நிமிடத்தில்தான் கெடுத்துவிடுகிறார்கள்.

முதலில் பதனி. பனையின் பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டால், இரவெல்லாம் சொட்டி விடிகாலையில் இறங்கும். சுண்ணாம்பு இல்லையென்றால் அதே சாறு கலயத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருப்பதால், பனையேறிக்கு அந்தச் சுண்ணாம்பு ருசிக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் காவல். ஆனால் சுண்ணாம்பு கரைந்து போய்விடுவதில்லை, அடியில் மண்டியாகத் தங்கும். விற்பவர் டம்ளரைக் குடத்தின் அடிவரை விட்டு மொண்டால், அல்லது ஊற்றும் முன் "நல்லா கலக்கித் தாரேன்" என்று ஒரு ஆட்டு ஆட்டினால், குடிப்பவர் நாக்கில் வெள்ளையடித்த மாதிரி ஒரு காரல் நிற்கும். "அண்ணாச்சி, கலக்காம மேலாப்புல ஊத்துங்க" என்று சொன்னால் போதும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. குடம் காலியாகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தால் அந்தக் கடைசி டம்ளரை வாங்காதீர்கள். அதற்கும் முழு விலைதான் கேட்பார்கள்.

இரண்டாவது சிக்கல் நேரம். சாற்றில் பத்தில் ஒரு பங்குக்குச் சர்க்கரை, வெளியே வெயில். சுண்ணாம்பு புளிப்பைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. காலை ஒன்பது, பத்து மணிக்குள் குடிப்பது ஒரு ருசி. மத்தியானம் இரண்டு மணிக்கு அதே குடத்தில் ஓரமாகப் பொடி நுரை கட்டும், மூக்குக்கருகே கொண்டுபோனால் புளித்த வாடை வரும். அதை மறைக்கத்தான் சிலர் ஐஸையும் சீனியையும் அள்ளிப் போடுகிறார்கள். ஐஸ் போட்டால் வாடை அடங்கும், ருசியும் செத்துவிடும். அதனால் மத்தியானத்தில் ஐஸ் இல்லாமல் கேட்டுப் பாருங்கள். தயங்காமல் ஊற்றினால் சரக்கு நன்றாக இருக்கிறது என்று பொருள்.

தண்ணீரும் சாக்கரினும் கலந்து, பேருக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டு விற்பதும் உண்டு. நல்ல பதனியில் இனிப்பு உடனே தெரியும், விழுங்கியதும் அடங்கிவிடும், பாளையின் மணம் பின்னால் வரும். சாக்கரின் போட்டதில் இனிப்பு தாமதமாக ஏறி, தொண்டையில் ஒரு கசப்போடு நெடுநேரம் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் "பதனி" போர்டு தொங்கினால் வண்டியை நிறுத்த வேண்டாம், அது பருவமே அல்ல.

பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் குடிப்பதுதான் அழகு என்று வெளியூர்க்காரர்கள் கேட்டு வாங்குகிறார்கள். நல்லதுதான், ஓலை புதிதாக இருந்தால். குடித்துவிட்டுப் போட்ட பட்டையை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி அடுத்தவருக்குக் கொடுக்கிற கடைகளில், உங்கள் கண் முன்னால் மடித்துக் கட்டச் சொல்லுங்கள். ஓரம் காய்ந்து வெளுத்திருந்தால் அது நேற்றையது, கட்டின இடத்தில் ஒழுகும். நுங்கு போட்டுத் தருவதாகச் சொன்னால் ஒன்றை நகத்தால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் இளசு. கடுக்காயாக முற்றியதைத்தான் நறுக்கிப் பதனிக்குள் ஒளிப்பார்கள்.

பார்சல் வாங்குவதில் இன்னொரு தலைவலி. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, ஆனாலும் பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுத் தருவது நிற்கவில்லை. தூக்குவாளி கொண்டுபோங்கள். பாட்டில் என்றால் கழுத்துவரை நிரப்பக் கூடாது, மூடியை இறுக்கவும் கூடாது. புளிக்கும்போது வாயு கிளம்பும், வண்டிக்குள் மூடி தெறித்துச் சீட்டெல்லாம் பிசுபிசுப்பாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் பன்னாடையிலோ வெள்ளைத் துணியிலோ வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

நன்னாரி சர்பத்தில் பிழை வேறு மாதிரி. எலுமிச்சையைக் காலையிலேயே மொத்தமாகப் பிழிந்து ஜாடியில் வைத்துக்கொள்கிற கடைகளில், பத்து மணிக்கு மேல் சர்பத் கசக்கும். விதையோடு நசுக்கினாலும் கசக்கும். கேட்டவுடன் அரைப் பழத்தை வெட்டிப் பிழிகிற கடைக்குப் போங்கள். சிரப்பைக் கண்ணால் அளக்காமல் சின்ன அளவுக் கிண்ணத்தில் ஊற்றுகிறாரா என்றும் பாருங்கள். இருநூறு மில்லி தண்ணீருக்கு முப்பது, நாற்பது மில்லி போதும். கூட்டம் வந்தால் அந்த அளவு தானாகக் குறையும், கேட்டால் இன்னொரு சொட்டு ஊற்றுவார்கள், கேட்காதவர் வெறும் எலுமிச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றித் தரையில் போட்டு உடைக்கிற இடத்தில் ஐஸே வேண்டாம், பானைத் தண்ணீர் போதும்.

சோடா சர்பத் கேட்டால் வரிசை முக்கியம். சிரப், எலுமிச்சை, உப்பு எல்லாம் டம்ளருக்குள் போன பிறகுதான் சோடா, அதுவும் டம்ளரைச் சாய்த்து மெதுவாக. சோடாவுக்கு மேல் எலுமிச்சையைப் பிழிந்தால் பாதி நுரையாகிக் கல்லாவில் வழியும், அந்தப் பாதியை யாரும் திரும்ப நிரப்பித் தருவதில்லை.

கோலி சோடாவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோலியை அழுத்தும்போது "டப்" சத்தம் வராமல் சும்மா இறங்கினால், கழுத்து வாஷர் தேய்ந்து கேஸ் போய்விட்டது என்று அர்த்தம். வேறு பாட்டில் கேளுங்கள், கொடுப்பார்கள். குடிக்கும்போது கழுத்தின் இரண்டு பள்ளமும் கீழ்ப்பக்கம் இருக்கட்டும், கோலி அதில் தங்கிக்கொள்ளும். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "அடைக்குதே" என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர்களும் உண்டு.

கடைசியாகப் பாட்டில் குளிர்பானம். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கூலிங்குக்கு என்று எம்.ஆர்.பி.க்கு மேல் இரண்டு, மூன்று ரூபாய் கேட்பது அநியாயம் மட்டுமல்ல, விதிமீறல். ஃபிரிட்ஜில் வைத்ததற்குத் தனி விலை கிடையாது. ஆனால் ஹோட்டலில் உட்கார்ந்து, எடுத்து வந்து பரிமாறும் தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி. கட்டுப்பாடு பொருந்தாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அங்கே வாதாடிப் பயனில்லை. கடையில் கூடுதலாக வாங்கினால் பில் கேளுங்கள். தர மறுத்தால் கடைப் பலகையையும் பாட்டிலில் அச்சிட்ட விலையையும் போட்டோ எடுத்துக்கொண்டு, நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்.