ரேம் வாங்கும் முன் பர்ஜ் அடித்துப் பாருங்கள்: ஆட்டோகேடின் க்ளீனிங் கட்டளைகள், ஒரு ரிவ்யூ

கடலூர், பாண்டி பக்கம் எந்த டிராஃப்டிங் ஆபீஸில் கேட்டாலும் இதே புலம்பல்தான். ட்ராயிங் திறக்க அஞ்சு நிமிஷம், ஜூம் பண்ணினால் வட்டம் சுற்றுகிறது, பிளாட் (பிரிண்ட்) கொடுத்தால் மென்பொருளே மூடிக்கொள்கிறது. உடனே ரேம் போடலாமா, கிராபிக்ஸ் கார்டு மாற்றலாமா என்று கிளம்பிவிடுகிறார்கள். போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் குப்பை ட்ராயிங்குக்குள் இருந்தால் எத்தனை ஜிபி போட்டாலும் மறுபடி அதே கதைதான். நாம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடிலேயே இதற்கான கட்டளைகள் இருக்கின்றன, தனியாக ஒரு பைசா கொடுக்க வேண்டாம். எது நன்றாக வேலை செய்கிறது, எதில் கவனம் வேண்டும் என்று, தினமும் இதிலேயே உழல்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதல் மார்க் பர்ஜ் கட்டளைக்குத்தான். பயன்படாத பிளாக் (ஒரே பெயரில் கட்டிவைத்த கோட்டுத் தொகுப்பு), லேயர் (கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கு), லைன்டைப், டெக்ஸ்ட் ஸ்டைல் எல்லாவற்றையும் வெளியே தள்ளும். பிளாக்குக்குள் பிளாக்காக ஒளிந்திருப்பவையும் போக வேண்டுமென்றால் நெஸ்டட் ஐட்டம்ஸ் டிக் போட வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, பர்ஜ் பண்ணியும் குறையவில்லையே என்கிறார்கள். 2020 வெர்ஷனிலிருந்து அந்தப் பெட்டியைப் புதிதாக வடிவமைத்து, தேர்ந்தெடுத்த ஐட்டத்தின் படத்தையும் காட்டுகிறார்கள். எதை எறிகிறோம் என்று பார்த்து எறியலாம், நல்ல முன்னேற்றம். ஆனால் பெரிய குப்பை ஒன்று அந்தப் பெட்டியில் தெரியாது, அதுதான் ரெஜ்ஆப். ட்ராயிங்கைத் தொட்ட ஒவ்வொரு துணை மென்பொருளும் தன் பெயரை உள்ளே பதிந்துவிட்டுப் போகும், எக்ஸ்ரெஃப் (ஒரு ட்ராயிங்கில் வெளியிலிருந்து இணைத்துக் காட்டும் இன்னொரு ட்ராயிங்) வழியாகவும் காப்பி பேஸ்ட் வழியாகவும் அது ஒரு ட்ராயிங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றிக்கொண்டே இருக்கும். அதை நீக்க, கமாண்ட் லைனில் முன்னால் ஒரு ஹைபன் போட்டு பர்ஜ் என்று அடித்து, ஆர் கொடுத்து, எல்லாவற்றுக்கும் ஸ்டார், ஒவ்வொன்றாகக் கேட்கட்டுமா என்றால் நோ.

வில்லியனூர் பக்கம் ஒரு மனைப்பிரிவு வேலைக்கு வந்த சர்வே ட்ராயிங்கில் இதைக் கண்ணால் பார்த்தேன். மனைகள் நாற்பதுகூட இல்லை, ஃபைல் 60 எம்பிக்கு மேல். ஹைபன் பர்ஜ் ஓடவிட்டதும், கமாண்ட் லைனை விரித்துக் காட்டும் எஃப்2 திரையில் பெயர் மேல் பெயராகக் கீழே ஓடிக்கொண்டே இருந்தது, நிற்கவே இல்லை. பிளாக் லிஸ்ட்டைத் திறந்தால் ஏ, டாலர், சி என்று தொடங்கும் அர்த்தமில்லாத பெயர்கள் பக்கம் பக்கமாக. யாரோ, காப்பி அடித்ததை பிளாக்காக ஒட்டும் பிளாக் பேஸ்ட்டிலேயே முழு வேலையையும் முடித்திருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். ஸ்கேல் லிஸ்ட்டிலும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஸ்கேல்கள் குவிந்திருந்தன, அதை ரீசெட் பண்ணினேன். கடைசியில் 5 எம்பி சொச்சம். ஒரு கோடுகூடக் குறையவில்லை.

ஆடிட் கட்டளைக்கு இரண்டாம் இடம். அளவைப் பெரிதாகக் குறைக்காது, ஆனால் க்ராஷுக்குக் காரணமான உடைந்த பதிவுகளைத் திருத்தும். பர்ஜுக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை ஓட்டுவது என் வழக்கம். ஃபைல் திறக்கவே மறுத்தால் புது ட்ராயிங்கிலிருந்து ரெகவர் கொடுங்கள், டபுள் க்ளிக் பண்ணி மல்லுக்கட்ட வேண்டாம். அதுவும் போதாதபோது டபிள்யூபிளாக் போட்டு, தேவையான பொருள்களை மட்டும் புது ஃபைலில் எழுதிக்கொள்வேன்.

சிப்காட் பக்கம் பைப்பிங் வேலை எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். மைக்ரோஸ்டேஷன் என்ற வேறொரு வரைவு மென்பொருளில் பிறந்து, ஆட்டோகேடின் ஃபைல் வடிவமான டிடபிள்யூஜியாக மாறி வந்த பழைய ட்ராயிங்குகளில், அந்த மென்பொருளின் டிஜிஎன் லைன்டைப்கள் கூடவே வரும். அதிலிருந்து ஒரே ஒரு வால்வை காப்பி அடித்துப் புதுத் தாளில் பேஸ்ட் பண்ணினாலும் ஃபைல் திடீரென்று பல எம்பிக்கு ஊதிப்போகும். இதற்குத்தான் பர்ஜ் பெட்டியில் ஆர்ஃபன்டு டேட்டா என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போடாமல் எத்தனை முறை பர்ஜ் பண்ணினாலும் பிரயோஜனம் இல்லை.

ஓவர்கில் கட்டளை பற்றி எனக்கு இரண்டு மனசு. ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடுகளை நீக்குவதில் இதற்கு ஈடு இல்லை, காண்டூர் (நில உயரக் கோடுகள்) ட்ராயிங் இதனால் நிஜமாகவே லேசாகும். ஆனால் லேயரைக் கண்டுகொள்ளாதே என்ற டிக்கைத் தெரியாமல் போட்டுவிட்டால், மனை எல்லையும் காம்பவுண்டுச் சுவரும் ஒரே கோட்டில் இருக்கும் இடத்தில் இரண்டில் ஒன்று காணாமல் போகும், அப்ரூவலுக்குக் கொடுத்த பிறகுதான் தெரியவரும். டாலரன்ஸை, அதாவது எவ்வளவு இடைவெளி வரை ஒரே கோடாக எண்ணலாம் என்ற அளவைக் கூட்டி வைப்பதும் அப்படித்தான். காப்பி எடுத்து வைக்காமல் ஓவர்கில் பக்கம் போகாதீர்கள்.

க்ளீனிங் கட்டளை எதுவும் தீர்க்காத ஒரு சிக்கல் ஆயத்தொலைவு. உலகை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் யுடிஎம் முறையில், நம் ஊர் 44 வடக்கு மண்டலத்தில் வருகிறது. சர்வேயர் கொடுக்கும் புள்ளிகள் மீட்டரில் கிழக்கே மூன்றரை லட்சத்துக்கு மேல், வடக்கே 13 லட்சத்தை ஒட்டி இருக்கும். அதை அப்படியே மில்லிமீட்டர் ட்ராயிங்கில் ஏற்றினால் வடக்கு எண் 130 கோடி. ஒரிஜின் என்ற பூஜ்யப் புள்ளியிலிருந்து அவ்வளவு தூரத்தில் ஹேட்ச் (பரப்பை நிரப்பும் கோட்டு வடிவம்) பிய்ந்து தெரியும், வட்டங்கள் நடுங்கும், ஸ்நாப் தடுமாறும். ட்ராயிங்கைத் தூக்கி ஒரிஜினுக்கு நகர்த்துவது சுலபம், ஆனால் அப்புறம் அடுத்த வீதியின் சர்வே வந்தால் பொருந்தாது. சர்வேயை மீட்டரிலேயே தொடாமல் தனி ஃபைலாக வையுங்கள். கட்டட ட்ராயிங்கை ஒரிஜின் பக்கத்தில் மில்லிமீட்டரில் வரையுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் சைட் பிளானில் மட்டும், சர்வேயின் ஆயத்தொலைவை மாற்றாமல், கட்டடத்தை எக்ஸ்ரெஃபாக அதன் இடத்தில் உட்காரவையுங்கள்.

பாண்டி ஒயிட் டவுன் வீட்டு முகப்பு வரைபவர்கள் தங்கள் ட்ராயிங் ஏன் கனக்கிறது என்று யோசிக்க வேண்டும். லூவர் ஜன்னல், அதன் ஒவ்வொரு சட்டமும் நான்கு கோடு, ஒரு முகப்புக்குப் பத்துப் பன்னிரண்டு ஜன்னல், எல்லாம் எக்ஸ்ப்ளோடு பண்ணிய தனிக் கோடுகள். பிளாக்காக வைத்திருந்தால் அந்த வரைவு ஒரே ஒரு முறைதான் உள்ளே இருக்கும், மற்ற ஜன்னல்கள் வெறும் குறிப்புகள். மொட்டை மாடிக் கைப்பிடித் தூண்களுக்கும் அதுதான். இணையத்தில் இறக்கும் தென்னை மர பிளாக்குகளைத் தயவுசெய்து திறந்து பாருங்கள், ஓலையின் ஒவ்வொரு இதழும் தனிக்கோடாக இருக்கும், 1:100 தாளில் அது ஒரு கறுப்புப் புள்ளியாகத்தான் பிரிண்ட் ஆகப் போகிறது. ஹேட்ச்சும் அப்படியே. முழு மனைக்கும் புல் ஹேட்ச்சைப் பொடி ஸ்கேலில் அடித்தால் லட்சக்கணக்கில் கோடுகள். சாலிட் நிறமோ, பெரிய ஸ்கேலோ போதும்.

எக்ஸ்ரெஃப் நல்ல வசதி, முறையாகப் பயன்படுத்தினால். தளத்துக்கு ஒரு ஃபைல், ஸ்ட்ரக்சர் தனி, பிளம்பிங் தனி என்று பிரித்து, ஓவர்லே என்ற எக்ஸ்ரெஃப் வகையில் சேர்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாகச் சங்கிலி நீளாது, தேவையில்லாததை அன்லோடு பண்ணி வைக்கலாம். க்ளையன்டுக்கு அனுப்பும்போது எல்லாவற்றையும் பைண்ட் பண்ணி (ஒரே ஃபைலுக்குள் நிரந்தரமாக இணைத்து), அந்த பைண்ட் ஃபைலிலேயே மறுபடி வேலையைத் தொடர்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் கெடுகிறது. லேயர் பெயர்களுக்கு நடுவே டாலர் பூஜ்யம் டாலர் என்று வரிசையாக நின்றால் அந்தத் தவறு நடந்திருக்கிறது. அனுப்புவதற்கு ஈட்ரான்ஸ்மிட் இருக்கிறது, எக்ஸ்ரெஃப், எழுத்துரு எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டித் தரும்.

எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி கேட்டான், "அண்ணே, அழிச்சதெல்லாம் இன்னும் உள்ளேதான் இருக்கா, சைஸ் குறையவே இல்லையே?" கேள்வி சரிதான். ஐசேவ்பர்சென்ட் என்று ஒரு செட்டிங், வழக்கமாக 50இல் இருக்கும். சீக்கிரம் சேவ் ஆக வேண்டும் என்பதற்காக, ஃபைலுக்குள் ஒரு அளவு வரை வீண் இடத்தை அப்படியே விட்டுவைக்கும். க்ளீனிங் முடிந்ததும் அதை 0 ஆக்கி ஒரு முறை சேவ் பண்ணுங்கள், முழு ஃபைலும் புதிதாக எழுதப்படும். தினசரி வேலைக்கு 50க்கே திருப்பிவிடலாம்.

சைட்டில் திறந்து பார்க்கவும் பிரிண்ட் எடுக்கவும் மட்டும் வேண்டியவர்களுக்கு முழு ஆட்டோகேட் தேவையில்லை, இலவசமாகக் கிடைக்கும் டிடபிள்யூஜி ட்ரூவியூ போதும். ஆனால் அதில் ட்ராயிங்கைத் திருத்த முடியாது, அதனால் லேசான ஃபைலை அனுப்புவது வரைகிறவர் பொறுப்பு.