கணக்கிலிருந்து தானாகப் போகும் காசு: வங்கியில் நிறுத்துவதா, கம்பனியில் நிறுத்துவதா, கார்டை மாற்றுவதா?

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) இருக்கும் எங்கள் அம்மாவின் வங்கிப் புத்தகத்தைப் போன வருடம் ஹட்டனுக்குக் கொண்டுபோய்ப் பதிந்து வாங்கினேன். ஒவ்வொரு மாதமும் 12ஆம் திகதி 2,450 ரூபாய் போயிருந்தது. பதினான்கு மாதமாக. கொழும்பில் கடையில் நிற்கிற தம்பி அம்மாவின் மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் அனுப்பிய காசு அது. என்ன பிடிக்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான், ஒரு ஏஜென்ட் லயத்துக்கு வந்து "சேமிப்பு மாதிரித்தான் அம்மா" என்று சொல்லி மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிப் போனது ஞாபகம் வந்தது. காப்புறுதித் தவணை.

கூட்டிப் பார்த்தால் 34,300 ரூபாய். 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயான தோட்ட நாட்சம்பளத்தில் இது 25 நாள் பேருக்கும் (ஒரு நாள் வேலைக்கான சம்பளத்தைத்தான் பேர் என்போம்) மேல். மலையில் கொழுந்து எடுத்த முழு மாத உழைப்பு.

எப்படி நிறுத்துவது என்று கேட்டபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பக்கத்துக் காம்பரா அக்கா "காசு வந்த உடனே முழுக்க எடுத்துடுங்க" என்றார். தம்பி "கார்டை மாத்தச் சொல்லு" என்றான். வங்கியில் கம்பனிக்குப் போகச் சொன்னார்கள், கம்பனியில் வங்கிக்குப் போகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் விசாரித்துப் பார்த்த பிறகு எனக்கு விளங்கியது, காசு எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் இதில் எதைச் செய்தாலும் பாதி வேலைதான் நடக்கும்.

அதனால் முதலில் கவுண்டரில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது ஸ்டாண்டிங் ஓடரா, கார்டில் போவதா, உங்கள் வங்கியே எடுப்பதா?" கணினியைப் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள். ஸ்டாண்டிங் ஓடர் என்றால், குறித்த நாளில் குறித்த தொகையை இன்னாருக்கு அனுப்பு என்று நாமே நம் வங்கிக்குக் கொடுத்த கட்டளை. கார்டில் போவது அப்படியல்ல. அதில் கார்ட் இலக்கத்தை எதிர்த் தரப்பிடம் கொடுத்து, நீயே எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டோம். மூன்றாவது, வங்கியே எடுப்பது: கடன் தவணை, கார்டுக்கான வருடக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம் போன்றவை. எஸ்எம்எஸ் கட்டணத்தை மட்டும் நிறுத்த வேண்டாம் என்பது என் எண்ணம். அம்மாவின் போனுக்கு எஸ்எம்எஸ் வந்திருந்தால் பதினான்கு மாதம் போயிருக்காது.

ஸ்டாண்டிங் ஓடரை நிறுத்துவதற்கு வங்கிதான் சரியான இடம். கட்டளை கொடுத்தது கணக்குக்காரர், அதைத் திரும்பப் பெறவும் அவரால் முடியும். கம்பனியின் சம்மதக் கடிதம் கொண்டு வாருங்கள் என்று எங்களிடம் சொன்னார்கள். "இது அம்மா கொடுத்த கட்டளை, அம்மாவே ரத்து செய்கிறார்" என்று மரியாதையாக, ஆனால் விடாமல் சொன்னோம். பிறகு எடுத்துக்கொண்டார்கள். கணக்குக்காரரே நேரில் போவது நல்லது, அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் கையில் இருக்கட்டும். இதில் செலவு என்றால் ஒரு நாள் பேரும் நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டனுக்குப் போய் வரும் பஸ் காசும். ஏழைக்கு அது சின்னச் செலவில்லை. ஆகவே ஒரே நடையில் முடிக்கப் பாருங்கள். கடிதத்தை வீட்டிலேயே எழுதி இரண்டு பிரதி கொண்டுபோங்கள். தமிழிலேயே எழுதலாம், 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து அதுவும் இந்த நாட்டின் அரசகரும மொழி. கணக்கு இலக்கம், தொகை, போகும் திகதி, யாருக்குப் போகிறது, இன்றிலிருந்து ரத்து செய்கிறேன் என்ற ஒரு வரி, கையெழுத்து. இவ்வளவு போதும். ஒரு பிரதியில் சீலும் திகதியும் போட்டு வாங்காமல் வெளியே வர வேண்டாம். நாங்கள் முதல் தடவை வாயால் மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த 12ஆம் திகதியும் காசு போனது, எதிர்த்துக் கேட்கக் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

காசு போகும் திகதிக்கு முதல் நாள் ஓடாதீர்கள். ஒரு வாரமாவது முன்னால் கொடுங்கள். நடுவில் போயா (பௌர்ணமி விடுமுறை) வந்தால் அன்று வங்கி பூட்டு. தோட்டங்களில் பத்தாம் திகதி சம்பளம் என்பதால் தவணைத் திகதியை அதற்கு அடுத்த ஓரிரு நாளில்தான் போட்டிருப்பார்கள். ஆகவே மாத முதல் வாரத்துக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

இந்த வழியில் ஒரு குறை உண்டு. காசு போவது நிற்கும், ஒப்பந்தம் நிற்காது. ஆட்டோ லீசிங் என்றால் தவணை பாக்கியாகி, வட்டி ஏறி, கடைசியில் வண்டியைத் தூக்கிப்போவார்கள். காப்புறுதி என்றால் பாலிசி காலாவதியாகும். முதல் சில வருடங்களுக்குள் அப்படி நின்றால் கட்டிய காசில் பெரும்பாலும் ஒன்றும் திரும்பாது. அதனால்தான் கம்பனிக்கும் எழுத வேண்டியிருக்கிறது.

கம்பனி வழியை மட்டும் நம்பியிருந்தவர்களையும் பார்த்தேன். ஏஜென்ட் போன் எடுக்கமாட்டார், கிளையில் மனேஜர் லீவு என்பார்கள், "இன்னும் ஒரு வருஷம் கட்டுங்க, போனஸ் வரும்" என்பார்கள். அதற்குள் இரண்டு தவணை போய்விடும். ஆனால் ஒப்பந்தத்தை முடிக்கவும், திரும்பக் கிடைக்கக்கூடிய காசைக் கேட்கவும் அங்கேதான் போக வேண்டும். புதிதாக எடுத்த ஆயுள் காப்புறுதி என்றால் பாலிசி கையில் கிடைத்த முதல் சில வாரங்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு, பாலிசிப் புத்தகத்தில் அந்த நாள் கணக்கைப் பாருங்கள். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் முதலில் வங்கி, அதே நாளில் தபால் கந்தோர். இரண்டையும் வேறு வேறு நாளுக்கு வைத்தால் இரண்டாவது நடக்காமலே போகும்.

கார்டில் போவது வேறு சங்கதி. இங்கே வங்கிக்கு முதலில் ஓடினால் வீண் அலைச்சல். எங்கள் அக்கா மகன் ஒரு ஆப்பை ஏழு நாள் இலவசம் என்று இறக்கி, பிறகு போனிலிருந்து அழித்தும்விட்டான். காசு தொடர்ந்து போனது. ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் அன்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்பதற்குள் போய் சந்தாவை ரத்து செய்ய வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் இருக்கும். இரண்டு நிமிட வேலை, பஸ் காசும் இல்லை. ஒவ்வொரு மாதமும் ஓடிபி வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். தொடர் சந்தாவில் முதல் தடவைக்குப் பிறகு பொதுவாக ஓடிபி கேட்பதில்லை.

கார்டை மாற்றுவது அதற்குப் பிறகுதான். யார் எடுக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்றால் மட்டும் அதை முதலில் செய்யுங்கள், அதுவும் உடனே. கார்டின் பின்னால் உள்ள இலக்கத்துக்கு அழைத்து முடக்கச் சொல்லலாம். ஆனால் மறந்துபோன சந்தாவை நிறுத்தக் கார்டை மாற்றுவது நிச்சயமான வழி அல்ல. புதிய இலக்கத்தை வியாபாரிக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு வீசாவிலும் மாஸ்டர்கார்டிலும் உண்டு. தவறாகப் போன காசுக்கு டிஸ்பியூட் படிவம் கேளுங்கள். அதற்கு நாள் கணக்கு இருக்கிறது, பெரும்பாலான சந்தர்ப்பங்களில் 120 நாள் வரைதான்.

சரி, பக்கத்துக் காம்பரா அக்கா சொன்ன யோசனைக்கு வருகிறேன். கணக்கைக் காலியாக வைப்பது, அல்லது மூடிவிடுவது. எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் செய்வது இதுதான், எனக்கு அதிகம் பயம் தருவதும் இதுதான். காசில்லாமல் ஸ்டாண்டிங் ஓடர் திரும்பினால் அதற்கும் பல வங்கிகள் கட்டணம் போடும். மீதி குறைந்துவிட்டது என்று இன்னொரு கட்டணமும் வரலாம். தம்பி அடுத்த மாதம் அனுப்பும் காசில்தான் அதெல்லாம் கழியும். கணக்கை மூடினாலோ, 2023இலிருந்து அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) காசு வருவது வங்கிக் கணக்குக்குத்தான். கணக்கு இலக்கத்தை மாற்றிக் கொடுக்கப் பிரதேச செயலகத்துக்கு எத்தனை நடை, எத்தனை பேர் போகும் என்று யோசியுங்கள். 2,450 ரூபாயை நிறுத்தப்போய் அஸ்வெசுமவை நிறுத்திக்கொள்ளக் கூடாது.

சீல் போட்ட கடிதத்துக்குப் பிறகும் காசு போனால் முறைப்பாடுதான். முதலில் வங்கிக்கே எழுத்தில். பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். நிதி ஒம்புட்ஸ்மனிடமும் (முறைப்பாடுகளை விசாரிப்பவர்) போகலாம், அதற்குக் கட்டணமில்லை. காப்புறுதிக்குத் தனி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். இந்த வழி மெதுவானது, முதலில் எடுக்கும் வழியும் அல்ல. ஆனால் கையில் சீலும் பதிவுத் தபால் துண்டும் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அம்மாவின் காசு இப்போது போவதில்லை. அதைக் கேள்விப்பட்டு லயத்தில் மூன்று பேர் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். இரண்டு பேருடையது ஸ்டாண்டிங் ஓடர், கடிதம் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது அக்காவுடையதை வங்கியே எடுக்கிறது. அவர் கடன் வாங்கவில்லை, இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிணை நின்றிருக்கிறார். மேலே சொன்ன எந்தக் கடிதமும் இதை நிறுத்தாது. கடன் வாங்கியவரையும் கூட்டிக்கொண்டு போய், தவணையைக் குறைத்துத் தாருங்கள் என்று மனேஜரிடம் பேசுவதுதான் இருக்கிற வழி. வருகிற திங்கட்கிழமை அந்த அக்கா, கடன் வாங்கியவர், நான் என்று மூன்று பேரும் ஹட்டனுக்குப் போகிறோம்.