நீலம் காட்டிய சிறுநீர் ஸ்டிரிப்: பன்னிரண்டு ஆண்டு அனுபவம்

அப்பாவுக்குச் சர்க்கரை வந்த காலத்தில், வலங்கைமான் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில் தினமும் ஸ்பிரிட் விளக்கு எரியும். சோதனைக் குழாயில் சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் பெனடிக்ட் கரைசல் 5 மில்லி, எட்டுச் சொட்டுச் சிறுநீர். கொதித்த பிறகும் நீலமாகவே நின்றால் அம்மாவின் முகம் தெளியும். பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்துவிட்டால் அன்று இலையில் சோறு குறையும்.

2009இல் எனக்கும் சர்க்கரை என்றார்கள். அந்தப் பழக்கத்தில் நான் வாங்கியது சிறுநீர் ஸ்டிரிப்தான்; சிறுநீரில் நனைத்தால் சர்க்கரைக்கு ஏற்ப நிறம் மாறும் பட்டை, சர்க்கரை இல்லையென்றால் நீலம். விரலில் குத்த வேண்டாம், விலையும் குறைவு. ஒரு குறை: ஐப்பசி மழையில் மூடியைச் சரியாக மூடாமல் விட்டால் ஈரம் ஏறிப் பட்டை கெட்டுவிடும்.

ஆறு ஆண்டுகள் காலைதோறும் நீலம் பார்த்து நிம்மதியாக இருந்தேன். 2015இல் கண் பரிசோதனையில் விழித்திரையில் பாதிப்பு தெரிந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை 7.9 சதவீதம். "ஏரி நிரம்பி வழிந்தால்தானே கலிங்கில் தண்ணீர் போகும்?" என்று கேட்டார் மருத்துவர். ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடுமாம். வயதானவர்கள் சிலருக்கு அந்தக் கலிங்கின் மட்டம் இன்னும் உயர்ந்துவிடும். 150, 170 என்று நான் சுமந்த நாட்களுக்கெல்லாம் நீலம்தான் பதில்.

என் மகள் கர்ப்பமாக இருந்தபோது நேர்மாறாக நடந்தது. சிறுநீரில் சர்க்கரை என்றதும் வீடே கலங்கியது. ரத்தத்தில் அளவு சரியாகவே இருந்தது. கர்ப்பத்தில் அந்த மட்டம் தாழ்வது வழக்கமாம். 2021இல் எனக்கு டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை எழுதிய பிறகு ஸ்டிரிப் எப்போதும் அடர்நிறம்தான். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதே அதன் வேலை என்பதால் அந்த நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எனக்கு இன்றும் ஆறாதது வேறொன்று. அந்த நீல ஆண்டுகளில் ஒருநாள், சம்பா நடவின்போது வரப்பில் கைகால் நடுங்கி, வியர்த்து உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஸ்டிரிப்பை நனைத்தேன், நீலம். "ஒன்றுமில்லை" என்று மனைவியிடம் சொல்லிப் படுத்துவிட்டேன். அவள் கேட்காமல் வெல்லம் கரைத்துக் குடிக்க வைத்தாள். சர்க்கரை தாழ்ந்துபோவதைச் சிறுநீர் காட்டாது என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது வயலுக்குப் போகும் பையில் குளுக்கோமீட்டரும் ஒரு துண்டு வெல்லமும் இருக்கின்றன.