கார்ஸ் 3 வாங்கலாமா, டிஸ்னி ஸ்பீட்ஸ்டார்ம் போதுமா?

2017-இல் வந்த ‘கார்ஸ் 3: டிரிவன் டு வின்’ என்ற கார் பந்தய வீடியோ கேமில் வண்டி ஓட்டுவதே தனி சுகம். இரண்டு சக்கரத்தில் சாய்ந்து போகலாம், பின்பக்கமாகவே ஓட்டலாம். இப்படி வித்தை காட்டக் காட்ட, வண்டியை வேகமாகப் பாய வைக்கும் டர்போ ஏறும். அதனால் கடைசியில் வரும் குழந்தைக்கும் குஷி குறையாது. திரையைப் பிரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தே ஆடலாம்.

கேம்லாஃப்ட் நிறுவனத்தின் பந்தய கேம் ‘டிஸ்னி ஸ்பீட்ஸ்டார்ம்’ 2023-இல் வந்தது, இலவசம். மிக்கி, மூலான், சல்லி என டிஸ்னி பாத்திரங்களே ஓட்டுநர்கள், ஆளுக்கொரு தனித்திறமை. வளைவில் சறுக்கி பூஸ்ட் சேர்ப்பது அருமை. ஆனால் ஓட்டுநர்களை மேம்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும், உள்ளே காசு கேட்கும் இடங்களும் உண்டு. சின்னப் பிள்ளைகள் கையில் கொடுப்பதென்றால், காசு போனாலும் சரி, கார்ஸ் 3-தான் என் தேர்வு. ஸ்பீட்ஸ்டார்ம் கொடுத்தால், முதலில் பர்சேஸுக்குக் கடவுச்சொல் போட்டுவிடுங்கள்.