கட்டுரைக்கு முன் திட்டம்: சட்டகமா, சீட்டா, கட்டற்ற வரைவா?

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், ஒரு நூலில் இருக்கக் கூடாத பத்துக் குற்றங்களைப் பாயிரத்திலேயே அடுக்கிச் சொல்லிவிடுகிறது. அவற்றுள் கூறியது கூறல் (சொன்னதையே திரும்பச் சொல்வது), மற்றொன்று விரித்தல் (பேச வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது), சென்றுதேய்ந்து இறுதல் (போகப் போக மெலிந்து முடிவது) ஆகிய மூன்றும் இன்றைய இணையக் கட்டுரைகளிலும் அன்றாடம் கண்ணில் படுபவை. எழுத உட்காருமுன் திட்டமிடும் முறைகளை ஒப்பிடுவதற்கு இவற்றைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. எந்த முறை எந்தக் குற்றத்தைத் தடுக்கிறது, எதற்கு வாசலைத் திறந்துவிடுகிறது என்று பார்த்தால் போதும்.

வீராணம் ஏரியைப் பற்றி ஆயிரம் சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடலூர் மாவட்டத்தில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உருவான அந்த ஏரி, கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் கொள்ளிடத்து நீரைப் பெற்று, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதி வயல்களுக்குப் பாய்ச்சுவதோடு, 2004 முதல் 200 கிலோமீட்டருக்கும் நீளமான குழாய்ப் பாதையில் சென்னைக்குக் குடிநீரும் அனுப்புகிறது. வரலாறு, பாசனம், மாநகரத்தின் தேவை என மூன்று இழைகள் பின்னிக் கிடக்கும் பொருள் என்பதால், முறைகளின் பலமும் பலவீனமும் இதில் விரைவாக வெளிப்பட்டுவிடும்.

முதலாவது, பள்ளித் தேர்வுத் தாளில் கட்டுரைக்கு மேலே கட்டம் போட்டு எழுதிப் பழகிய குறிப்புச் சட்டகம். முன்னுரை, ஏரியின் வரலாறு, பாசனப் பயன், குடிநீர்த் திட்டம், முடிவுரை என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம்; மற்றொன்று விரித்தலுக்கு இது நல்ல கடிவாளம். ஆனால் இந்தத் தலைப்புகள் எதையும் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல். ‘பாசனப் பயன்’ என்று எழுதிவிட்ட மாத்திரத்தில் அதைப் பற்றி ஏதோ தெரியும் என்ற மயக்கம் வந்துவிடுகிறது. எழுதும்போதுதான் அங்கே இரண்டு வாக்கியத்துக்கு மேல் சரக்கு இல்லை என்பது தெரிகிறது. முதல் பத்திகள் செழிப்பாகவும் பின்பகுதி வற்றியும் போகும் சென்றுதேய்ந்து இறுதல் பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது.

இதற்கு மாற்று, சட்டகத்தைப் பெயர்ச்சொற்களால் அமைக்காமல் முழு வாக்கியங்களால் அமைப்பது. ‘குடிநீர்த் திட்டம்’ என்பதற்குப் பதிலாக, ‘பாசனத்துக்கென்று உருவான ஏரி மாநகரத்துக்கும் நீர் தரத் தொடங்கியபின், அதில் எவ்வளவு தேக்குவது, எப்போது திறப்பது என்ற முடிவுகளில் இரு தரப்பின் தேவைகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது’ என்று எழுதிப் பாருங்கள். அடுத்த பத்தி எதைப் பேச வேண்டும் என்பதை அந்த வாக்கியமே கேட்கும். அதற்கு முந்தைய பத்தியில் பராந்தகனைப் பற்றி எவ்வளவு சொன்னால் போதும் என்பதும் விளங்கிவிடும். நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணியாகக் கூடும் என்பது உண்மைதான், ஆனால் அந்த அரை மணியில் நடப்பது கட்டுரைக்கான சிந்தனையேயன்றி அலங்காரம் அல்ல.

இரண்டாவது முறையான குறிப்புச் சீட்டு, சேகரித்த செய்தி மிகுதியாக இருக்கும்போது சட்டகத்தைவிட நன்றாக உழைக்கிறது. ஒரு சீட்டில் ஒரு செய்தி, மூலையில் அது கிடைத்த இடம். காகிதமானாலும் கைப்பேசிச் செயலியானாலும் இதே விதிதான். சீட்டுகளை மேசையில் பரப்பினால், ஒரே செய்தி இரண்டு இடங்களிலிருந்து வந்திருப்பது பக்கத்துப் பக்கத்தில் தெரிந்து கூறியது கூறல் நின்றுவிடும். சோழர் வரலாற்றுக்குக் கற்றையாகவும், இன்று அந்த ஏரியின் ஆயக்கட்டில் (பாசனப் பரப்பில்) பயிரிடும் விவசாயியின் நிலைக்கு ஒன்றுமில்லாமலும் இருப்பது கண்ணுக்கே தெரியும், ஆகவே எழுதுமுன் எதைத் தேடிப் போக வேண்டும் என்பதும் தெளிவாகும். இதன் நோய் வேறு: சேகரிப்பே வேலையாகிவிடுவது. ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் ஏறத்தாழ 90,000 சீட்டுகள் வைத்திருந்தார் என்பதை இம்முறையின் ஆர்வலர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அவர் ஒவ்வொரு சீட்டுக்கும் எண்ணிட்டு மற்றவற்றோடு இணைத்தார் என்பதையும், பல்லாண்டு ஆய்வுக்காக அதைச் செய்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். ஆயிரம் சொல் கட்டுரைக்கு இருபது சீட்டு தாராளம்.

மூன்றாவது, திட்டமே இல்லாமல் மனத்தில் வந்ததை வந்தபடி எழுதிவிட்டுப் பிறகு ஒழுங்குபடுத்துவது. வீராணத்தைப் பொறுத்தவரை இது ஆபத்தானது. அந்த ஏரிக்கரையில் குதிரைவீரனோடு தொடங்கும் புகழ்பெற்ற சரித்திர நாவலான ‘பொன்னியின் செல்வ’னின் நினைவு எவருக்கும் முதல் வரியிலேயே வந்துவிடும், அரைப் பக்கம் குதிரையின் பின்னால் போய்விடும். குரல்வழித் தட்டச்சில் பேசி எழுதுவோருக்கு இன்னொரு சுமையும் உண்டு: பேச்சுத் தமிழில் வந்து விழும் பத்திகளை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது, புதிதாக எழுதுவதற்கு நிகரான வேலை. எனினும் தன் நிலைப்பாடு என்னவென்று தனக்கே தெளிவில்லாத பொருளில், எழுதித்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். அங்கே சட்டகமும் சீட்டும் உதவுவதில்லை. அப்படி எழுதிய வரைவில் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ‘இது என்ன சொல்கிறது’ என்று ஒரு வாக்கியம் எழுதிவைத்தால், வாக்கியச் சட்டகம் பின்னாலிருந்து கிடைத்துவிடுகிறது.

நடுவில் வட்டமிட்டுக் கிளைகள் இழுக்கும் மன வரைபடத்தைத் தனி முறையாக எண்ண எனக்குத் தயக்கம் இருக்கிறது. எதையெல்லாம் பேசலாம் என்று திரட்ட அது உதவும். எதற்குப் பின் எது என்ற கேள்விக்கு அதில் விடையில்லை, நன்னூல் பத்து அழகுகளுள் ஒன்றாக வைக்கும் ‘முறையின் வைப்பு’ (பொருளை உரிய வரிசையில் வைத்தல்) கட்டுரைக்குத் தேவைப்படுவதோ அங்கேதான்.

தகவல் கட்டுரை எழுதுவோர், இருபது சீட்டில் தொடங்கி ஆறேழு வாக்கியச் சட்டகத்தில் முடிப்பது வீராணம் போன்ற பொருளுக்குச் சரியாக அமையும் என்பது என் முடிவு. கருத்துக் கட்டுரை எழுதுவோர் கட்டற்ற வரைவிலிருந்து தொடங்கலாம், ஆனால் முதல் வரைவின் பாதியையாவது வெட்டி எறியும் மனம் வேண்டும். பெயர்ச்சொல் சட்டகத்தைத் தேர்வு அறைக்கே விட்டுவிடலாம். நேரம் முடிவதற்குள் தாளைக் கொடுத்தாக வேண்டிய அந்த இடத்தில் அது இன்னமும் மதிப்பெண் வாங்கித் தருகிறது.