ஊரடங்குக்கால விநியோகம்: லொறிக்கே என் வாக்கு

2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு கொரோனாவால் இலங்கை முழுக்க ஊரடங்கு. அதற்குள் கொழும்பு வெள்ளவத்தை சுப்பர் மார்க்கெட் தட்டுகளில் பருப்பு இல்லை. சனத்தின் பதற்றம் பாதிக் காரணம்தான். பருப்பு கிலோ 65 ரூபா, 425 கிராம் டின் மீன் 100 ரூபா என்று அரசாங்கம் உச்சவிலை வைத்ததும், கூடிய விலைக்கு எடுத்த வியாபாரிகள் சரக்கை வெளியே விடவில்லை.

இணைய ஓடர் சேவை படுமோசம். இருப்பைப் பார்க்காமலே ஓடரை ஏற்றுக்கொண்டு, பிறகு பாதிச் சாமானோடு வந்தார்கள். ஒழுங்கைக்குள் வந்த மரக்கறி லொறி எவ்வளவோ மேல்: கண்ணால் பார்த்து, நிறுத்து வாங்கலாம். சில்லறைக் காசு கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதில் வாங்கினாலும் அளவாக வாங்குங்கள்: நாலு பேருக்கு நாளொன்றுக்கு 200 கிராம் பருப்பு. 14 நாளுக்கு 3 கிலோ தாராளம். பத்துக் கிலோ அள்ளினால் வண்டுதான் தின்னும்.